நாலு மந்திரவாதிகளுக்கு ஒரு மடல்

தாமல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்களுக்கு,

அடுத்த கதைக்கு யாருக்கு என்ன வேஷம் வேண்டும் என்று போன வாரம் கேட்டிருந்தேன். நாலு பேரும் தனித்தனியாகப் பதில் அனுப்பினீர்கள். நாலிலும் ஒரே பதில்: மந்திரவாதி. முதலில் சிரிப்பு வந்தது. கூடிப் பேசி வைத்துக்கொண்டு என்னைக் கலாய்க்கிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு வீரன் வேஷம் கட்டிய தம்பியின் குரல்பதிவைக் கேட்டேன். “இன்னாத்துக்குண்ணா எனக்குக் கத்தி? நான் ரெண்டு வெட்டு வெட்டுறதுக்குள்ள நம்ம மந்திரவாதி கையை நீட்டி மொத்தக் கூட்டத்தையும் கொளுத்திட்றா. நான் சும்மா கதவைத் தொறந்து விடுற ஆளு.” அதில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் இந்த மடல் எழுதியிருக்க மாட்டேன். மாடிக்குக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துப் பேசி முடித்திருப்பேன்.

உங்கள் நால்வருக்கும் எழுதுவதைப் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் ஹாஸ்டல் அறைகளில், கையில் ஒரு தாளும் மேசையில் இருபது முகப் பகடையும் வைத்துக்கொண்டு உட்காரும் தமிழ்ப் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். இந்தத் தகராறு வராத மேசை கிடையாது. நம் மாடியில் வந்ததை வைத்து அவர்களும் யோசிக்கட்டும்.

இந்த ஆட்டம் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு மட்டும் சில வரிகள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற இந்த ஆட்டத்தை 1974-இல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் மட்டும் கதை நடத்துவார். அவருக்கு டிஎம் என்று பேர். நம் மாடியில் அது நான். பாத்திரத்தின் தொழிலை இவர்கள் கிளாஸ் என்கிறார்கள், நான் வேஷம் என்கிறேன். கூத்து பார்த்து வளர்ந்தவனுக்கு வேறு சொல் வாயில் வராது. முதல் பதிப்பில் மூன்றே வேஷங்கள்: வீரன், மந்திரவாதி, பூசாரி. கள்ளன் அடுத்த வருஷம் வந்து சேர்ந்தான்.

பூசாரி வேஷம் எப்படிப் பிறந்தது என்று நம் நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு ஒருநாள் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் கதையில் ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இரத்தம் குடிக்கும் பேயாக மாறி, யாராலும் அடக்க முடியாதபடி வளர்ந்துவிட்டது. அதை எதிர்க்க ஒரு வேஷம் தேவைப்பட்டது. பேயை விரட்டும் பூசாரி அப்படித்தான் வந்தார். “நான் எப்பப் பார்த்தாலும் கட்டுப்போடுற ஆளாண்ணா?” என்று நீ கேட்டாயே, உன் வேஷம் கட்டுப்போடப் பிறந்ததில்லை அம்மா. ஓர் ஆள் மட்டும் கைமீறிப் போனதைச் சரிக்கட்டப் பிறந்தது. நாம் இப்போது போடும் சண்டை அந்த ஆட்டத்தைவிட வயதில் மூத்தது.

சரி, மந்திரவாதிக்கு வருவோம்.

ஆரம்ப காலத்து மந்திரவாதியை நீங்கள் பார்த்திருந்தால் யாரும் அந்த வேஷம் கேட்டிருக்க மாட்டீர்கள். 1981-இல் வந்த அடிப்படைப் பெட்டியின் கணக்குப்படி அவருக்கு உயிர்ப்புள்ளி நாலு முகப் பகடையில் ஒரு வீச்சு. ஒன்று விழுந்தால் ஒன்றுதான்; பூனை பிறாண்டினால் ஆள் காலி. கையில் ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் நினைவிலிருந்தே அழிந்துவிடும், மறுநாள் திரும்பப் படிக்க வேண்டும். இந்த யோசனை ஜாக் வான்ஸ் என்ற நாவலாசிரியரிடமிருந்து எடுத்தது. இதோடு போகவில்லை. இரண்டாம் படிக்கு ஏற கள்ளனுக்கு 1,200 அனுபவப் புள்ளி போதும், பூசாரிக்கு 1,500, வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. தென்னங்கன்று வைத்தது மாதிரி. வருஷக்கணக்கில் தண்ணீர் ஊற்றிக் காபந்து பண்ணினால் பிறகு காய்த்துக் கொட்டும். அதுவரை வீரன்தான் முன்னால் நின்று அடி வாங்கி அவரைக் காப்பாற்ற வேண்டும். இளமையில் வீரன் ராஜா, முதுமையில் மந்திரவாதி ராஜா. அது அந்தக் காலத்துச் சமநிலை.

கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் தென்னை காய்க்கும் வரை எந்த மேசை பொறுத்திருக்கிறது? பரீட்சை வரும், வேலை மாறும், கல்யாணம் ஆகும், கூட்டம் கலையும். மந்திரவாதி ஆடினவருக்குத் தண்ணீர் ஊற்றினதுதான் மிச்சம். கலையாமல் பத்து வருஷம் ஆடிய கூட்டத்திலோ வீரன் ஆடினவருக்குக் கடைசி நாலு வருஷம் வேடிக்கை பார்ப்பதுதான் வேலை.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வேஷத்துக்கும் ஒரே புள்ளி அட்டவணை வைத்தது. படி ஏறுவது ஒரே வேகம் என்றாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு படியிலும் வீரனுக்குக் கிடைப்பது ஒரு படி சோறு, மந்திரவாதிக்குக் கிடைப்பது ஒரு மரக்கால். அந்தப் பதிப்பை எழுதிய மூவரில் ஒருவர் ஜோனதன் ட்வீட். இதே ட்வீட் 1987-இல் மார்க் ரைன்ஹேகனோடு சேர்ந்து ஆர்ஸ் மேஜிகா என்ற ஆட்டத்தை எழுதியிருந்தார். அதில் ஒளிவுமறைவே கிடையாது. மந்திரவாதிதான் பெரிய ஆள், மற்றவர்கள் அவருக்குத் துணை என்று விதிப்புத்தகமே சொல்லிவிடும். அப்படியானால் துணை வேஷம் கட்டுகிறவருக்கு என்ன நியாயம்? எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு மந்திரவாதியும் உண்டு, ஒரு துணைப் பாத்திரமும் உண்டு. இந்தக் கதையில் உன் மந்திரவாதி புறப்படுகிறார், நான் துணை. அடுத்த கதையில் என்னுடையவர், நீ துணை. காவல்காரர்கள் எல்லாருக்கும் பொது. பலத்தைச் சமம் ஆக்கவில்லை, முறை வைத்தார்கள். இந்த “முறை” என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வையுங்கள். தாமல்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, இருந்தாலும் திரும்ப வருவேன்.

நடுவில் 2008-இல் நாலாம் பதிப்பு எல்லாரையும் நிஜமாகவே சமம் ஆக்கிப் பார்த்தது. வீரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒரே அச்சில் வித்தைகள்: எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. கணக்கு அழகாக உட்கார்ந்தது. எல்லா வேஷமும் ஒன்று போலவே இருக்கிறது என்று பல பேர் எழுந்து போனார்கள். எனக்கு அந்தப் பதிப்பின் மேல் ஒரு மரியாதை உண்டு. ஆனால் விடிய விடிய நடக்கிற கூத்தில் வருகிறவர் எல்லாரும் ஒரே கிரீடம், ஒரே புஜக்கட்டை மாட்டிக்கொண்டு வந்தால் எத்தனை நாழிகை உட்கார்ந்திருப்பீர்கள்?

கூத்து என்று வந்ததால் சொல்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைப் பற்றி நான் பாடம் நடத்தத் தேவையில்லை. செய்யாற்றுப் பக்கம் கூத்துக்குப் பேர்போன புரிசை இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தே சொல்லிக்கொடுத்தது. மரக்கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வருகிறபோது மைதானமே நிமிரும். அதே மேடையில் கட்டியக்காரன் நிற்கிறான். கட்டை இல்லை, ஆயுதம் இல்லை, வம்சம் இல்லை. ராஜா அதட்டினால் நடுங்க வேண்டிய ஆள். ஆனால் ராஜாவை நக்கல் செய்கிற உரிமை ராஜ்ஜியத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான். ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கி விழுகிற ஜனத்தை எழுப்ப அவனைத் தவிர யாராலும் ஆகாது. பலத்தில் துரியோதனனுக்கும் அவனுக்கும் மலைக்கும் மடுவுக்கும் தூரம். மேடையில் அவன் குறைந்தவன் என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

சகாதேவனை எடுங்கள். பாண்டவர் ஐவரைப் போல மோசமாகச் சமன் செய்த கூட்டம் வேறு இருக்காது. அருச்சுனனுக்கு வில் உண்டு, பாசுபதம் உண்டு, தேரோட்டியாகக் கண்ணனே உண்டு. ஒரு டிஎம் இப்படி ஒரே ஆட்டக்காரருக்கு அள்ளிக் கொடுத்தால் நீங்கள் என்னை மாடியிலிருந்து தள்ளிவிடுவீர்கள். சகாதேவனுக்கு இருப்பது சோதிடம் மட்டும். ஆனால் அரவான் களபலிக் கூத்தில் துரியோதனன் யாரிடம் நாள் கேட்டு வருகிறான்? எதிரிக் கூடாரத்துக்கு நடந்து வந்து சகாதேவனிடம்தான். கேட்கிறவன் எதிரி என்று தெரிந்தும் அவன் பொய் சொல்லாமல் அமாவாசையைக் குறித்துக் கொடுக்கிறான். அந்த ஒரு நாழிகைக்கு வில்லும் கதாயுதமும் செல்லாது. ஐவரில் வேறு யாராலும் அந்த இடத்தில் நிற்க முடியாது. (பிறகு கண்ணன் முந்தின நாளே தர்ப்பணம் செய்து, சூரியனையும் சந்திரனையும் குழப்பி ஒன்றாக வரவழைத்து, அமாவாசையையே முன்னால் இழுத்துவிடுகிறான். அது டிஎம் வேலை. நான் அந்த அளவுக்குப் போனதில்லை.)

இப்போது நம் கள்ளன் வேஷக்காரத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம். பாழடைந்த கோட்டையில் பூட்டுப் போட்ட பெட்டி வந்தது நினைவிருக்கும். அந்தப் பெட்டியை நான் உனக்காகத்தான் வைத்தேன். ஒரு வாரமாக உன் பாத்திரத்துக்குப் பூட்டுத் திறக்கும் கம்பி எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தாய். நீ பகடையைக் கையில் எடுக்கும் முன்பே மந்திரவாதி “நாக்” என்று பூட்டுத் திறக்கும் மந்திரத்தைச் சொன்னாள். நானும் “திறந்துகொண்டது” என்று சொல்லிவிட்டேன். நீ பகடையை டப்பாவுக்குள் போட்டுவிட்டு போனை எடுத்தாய்.

அன்று ராத்திரி விதிப்புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாம் ஆடுகிற ஐந்தாம் பதிப்பில் அந்த மந்திரத்துக்கு ஒரு கொக்கி போட்டிருக்கிறார்கள்: சொன்னால் பூட்டு திறக்கும்; கூடவே கதவை இடிக்கிற மாதிரி ஒரு சத்தம் 300 அடி தூரத்துக்குக் கேட்கும். அதாவது கோட்டையில் தூங்குகிற அத்தனை பேரும் எழுந்து ஓடி வர வேண்டும். கள்ளனின் கம்பிக்குச் சத்தம் கிடையாது. எழுதினவர்கள் கள்ளனுக்கு இடம் விட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள். நான் அந்த வரியைப் படிக்காமல் விட்டு அவன் இடத்தைப் பட்டா மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பேச வேண்டும். சமநிலை என்றவுடன் எனக்கு என் பாட்டிதான் நினைவுக்கு வருவாள். கோயில் மண்டபத்துத் தரையில் செதுக்கிய கோடுகளில் ஆடுபுலி ஆடுவோம். 3 புலி, 15 ஆடு, 23 புள்ளி. புலி தாண்டி வெட்டும், ஆட்டுக்கு வெட்டத் தெரியாது. எல்லா ஆடும் இறங்கும் வரை எந்த ஆடும் நகரவும் முடியாது. பார்க்கிறவருக்கு இது என்ன நியாயம் என்று தோன்றும். ஆனால் ஓர் ஆட்டுக்குப் பின்னால் இன்னோர் ஆடு நின்றுவிட்டால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் பாதியில் புலிக்குக் கொண்டாட்டம், பின் பாதியில் ஆடுகள் சூழச் சூழ அதற்கு மூச்சு முட்டும். நேபாளத்தில் இதற்கு ஒரு தாயாதி உண்டு, பாக் சால் என்று: 4 புலி, 20 ஆடு. லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதைக் கணினியில் போட்டு அலசி, இருவரும் பிழையில்லாமல் ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என்று கண்டுபிடித்தார்கள். பாட்டியோடு ஆடியிருந்தால் அவர்களுக்கு வேறு முடிவு கிடைத்திருக்கும். அவள் ஆட்டை வைத்துக்கொண்டு தோற்று நான் பார்த்ததில்லை.

ஆனால் ஆடுபுலியை வைத்து நம் தகராறைத் தீர்க்க முடியாது. அங்கே ஆடும் புலியும் எதிராளிகள். எதிராளிகளுக்குள் சமநிலை என்றால் ஜெயிக்கிற வாய்ப்பு ஒத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் நால்வரும் ஒரே பக்கம். ஜெயித்தால் நாலு பேரும் ஜெயிக்கிறீர்கள். அப்படி இருந்தும் வீரன் தம்பி, நீ ஜெயித்த வாரங்களில்தான் முகம் தொங்கிப் போய் வீட்டுக்குப் போனாய். ஒரே பக்கத்தில் இருக்கிறவர்களுக்குள் வரும் குறை ஜெயிக்கிற வாய்ப்பைப் பற்றியது கிடையாது. நான் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்கும் என்கிற குறை அது. அதற்கு உவமை மண்டபத்துத் தரையில் கிடைக்காது, ஏரிக்கரையில் கிடைக்கும்.

நம் தாமல் ஏரி காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெரிய ஏரிகளில் ஒன்று. நிரம்பி வழிந்து கோடி போகிற வருஷம் நீங்களே போய் செல்ஃபி எடுத்துவிட்டு வருகிறீர்கள். ஆனால் தண்ணீர் நிறைந்து நிற்கிற வருஷத்தில் எந்தச் சண்டையும் வராது. ஏரி பாதி நிறைந்த வருஷத்தில் கடைமடைக்காரர் வீட்டில் போய்க் கேளுங்கள். மதகடியில் நிலம் வைத்திருக்கிற தலைமடைக்காரர் கெட்டவரும் இல்லை, கடைமடைக்காரர் சோம்பேறியும் இல்லை. தண்ணீர் முதலில் இவர் வயலைத் தொட்டுவிட்டுத்தான் அவர் வயலுக்குப் போகும். மண்ணின் சரிவு அப்படி. அதைச் சமம் ஆக்க யாரும் நிலத்தை வெட்டி மட்டம் பண்ணவில்லை. முறை வைத்தார்கள். இன்ன நாள், இன்ன நேரம் வரை இந்த வாய்க்கால், பிறகு அடைத்துவிட்டு அந்த வாய்க்கால். தலைமடைக்காரர் தன் முறையில் எவ்வளவு வேண்டுமானாலும் பாய்ச்சிக்கொள்ளட்டும். முறை முடிந்தும் மதகு திறந்தே கிடந்தால்தான் கடைமடையில் மண்வெட்டி தூக்குவார்கள்.

மந்திரவாதி தலைமடைக்காரி. அவளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள், ஏரித் தண்ணீர் மாதிரி. நீண்ட ஓய்வு, அதாவது ஆட்டத்துக்குள் எட்டு மணி நேரத் தூக்கம், எடுத்தால்தான் ஏரி திரும்ப நிறையும். வீரனின் கத்திக்கு இந்தக் கணக்கு இல்லை. நாள் முழுக்க வெட்டலாம். எனவே கேள்வி இதுதான்: ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் நடுவில் எத்தனை சண்டை? 2014-இல் வந்த டிஎம் கையேடு ஆறிலிருந்து எட்டு என்று சொன்னது.

நான் ஒவ்வொரு வாரமும் என்ன நடந்தது என்று நோட்டில் எழுதி வைக்கிற ஆள். எடுத்துப் பார்த்தேன். பதினொரு ஞாயிறு ஆடியிருக்கிறோம். ஞாயிற்றுக்கு இரண்டு சண்டை. ஞாயிற்றுக்கு ஒரு நீண்ட ஓய்வு. பதினொன்றுக்குப் பதினொன்று.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், ஐந்தாம் படியில் நிற்கிற நம் ஆட்களையே வைத்து. வீரன் பெரிய வாளால் வெட்டினால் சராசரி 11. சுற்றுக்கு இரண்டு வெட்டு, 22. மூன்றில் ஒரு வெட்டு தவறும் என்று வைத்தால் சுற்றுக்கு 14 தேறும். இரண்டு சண்டைக்கு ஏழு சுற்று. மொத்தம் 98. மந்திரவாதியின் ஃபயர்பால் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. எதிரிகளில் பாதிப் பேர் விலகிப் பாதி அடி வாங்கினால் தலைக்கு 21. கும்பலில் நாலு பேர் அகப்பட்டால் ஒரே மூச்சில் 84. நாளுக்கு இரண்டு முறை சொல்லலாம். நடுவில் கொஞ்சம் உட்கார்ந்து மூச்சு வாங்கினால் மூன்றாவதும் கிடைக்கும். மொத்தம் 252. தம்பி, உன் சலிப்பு நியாயம். 98 எங்கே, 252 எங்கே.

இப்போது அதே நாளில் ஆறு சண்டை வையுங்கள். மந்திரவாதிக்கு அதே மூன்று ஃபயர்பால், அதே 252. சின்ன மந்திரங்கள் தனி. வீரனுக்கு இருபத்தொரு சுற்று, 294. தவிர அவனுடைய இரண்டாம் மூச்சு என்கிற வித்தையும், ஒரே சுற்றில் இரட்டிப்பாக வெட்டுகிற வித்தையும் ஒரு மணி நேரக் குட்டி ஓய்வுக்கே திரும்பி வந்துவிடும். நீண்ட ஓய்வு மட்டும் எடுக்கிற கூட்டத்தில் அவனுக்கு அந்த லாபமும் போச்சு. வேஷத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை, பாருங்கள். மதகை எப்போது அடைக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினேன்.

மதகுச் சாவி யாரிடம் இருந்தது? என்னிடம்.

ஏன் பதினொரு வாரமும் திறந்தே விட்டேன் என்று யோசித்தேன். அதற்குப் பதில் விதிப்புத்தகத்தில் இல்லை, நம் மாடிப்படியில் இருந்தது. மந்திரவாதி வேஷம் கட்டுகிற தங்கச்சிக்கு ஐந்தே முக்கால் பஸ். அதை விட்டால் வீட்டில் அடுத்த வாரம் அனுப்ப மாட்டார்கள். வீரன் தம்பிக்கு ஒரகடத்துப் பக்கம் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மதியம் இரண்டுக்கு முன்னால் எழ முடியாது. ஆகவே நமக்கு மொத்தமே இரண்டிலிருந்து ஐந்தே முக்கால் வரை. தங்கச்சி நாலரை மணிக்கே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பாள். ஐந்து மணிக்குக் கையில் இருக்கிற எல்லா மந்திரத்தையும் வீசி முடிக்கப் பார்ப்பாள். நான் “சரி, எல்லாரும் கூடாரம் போட்டுத் தூங்கினீர்கள், எல்லாம் திரும்ப வந்துவிட்டது” என்று சொல்லிப் புத்தகத்தை மூடுவேன். அவள் பேராசைக்காரி என்று நீங்கள் மூன்று பேரும் மனசுக்குள் நினைத்தீர்கள். நானும் நினைத்தேன். அவள் பஸ் வருவதற்குள் ஆட்டத்தை முடிக்கப் பார்த்தாள், அவ்வளவுதான். நமக்கு ஒரு ஞாயிறு முடிவதும், கதைக்குள் ஒரு நாள் முடிவதும் ஒன்றுதான் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாக முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

முறை என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தை மாசம் நாம் உத்திரமேரூர் போனோமே, வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டு பார்க்க. பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டினது. முப்பது குடும்புக்கும், அதாவது ஊர்ப் பிரிவுக்கும், ஓலை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லி, ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர் என்று தேர்ந்தார்கள். பதவி 360 நாள். எல்லாரும் குலுக்கலைத்தான் மெச்சுகிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொரு விதி: முந்தின மூன்று வருஷத்தில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி. ஆறு பேரில் யார் திறமைசாலி என்று அவர்கள் அளந்துகொண்டிருக்கவில்லை. முறை கொடுத்தார்கள்.

அன்று மந்திரவாதித் தங்கச்சி கேட்ட கேள்வியையும் எழுதிவிட வேண்டும். “அந்தக் குடத்துல பொம்பளைங்க பேர் இருந்துச்சாண்ணா?” இல்லை. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ள, 35-க்கும் 70-க்கும் நடுவில் வயதுள்ள ஆண்கள் பெயர்தான். அந்த ஏரித் தண்ணீரில் இறங்கி நாற்று நட்டவர்கள் பெயர் குடத்தின் பக்கமே வரவில்லை. குடவோலையை மேடையில் புகழ்கிறவர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் கேள்வியை அன்று கல்வெட்டைப் பற்றிய கேள்வி என்று நினைத்தேன். ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பற்றிய கேள்வியும் அதற்குள் இருந்திருக்கலாம்.

வேஷம் மாற்றுவதாக இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், தடுக்க மாட்டேன். நாலு மந்திரவாதிகள் சேர்ந்து ஒரு கதை ஆடுவதும் சுவாரசியம்தான். முதல் நாளே ஓர் ஓநாய்க் கூட்டம் வந்தால் முன்னால் நிற்க யாரும் இல்லாமல் நாலு பேரும் மரத்தில் ஏறுவதை நான் ரசித்துப் பார்ப்பேன். ஆனால் அதற்கு முன் இந்தக் கதையை மட்டும் இன்னும் மூன்று ஞாயிறு ஆடிப் பார்க்கலாம் என்று கேட்கிறேன்.

கதைக்குள் ஒரு நாள் என்பது இனி மூன்று ஞாயிறு ஓடும். பஸ் வந்தால் தாளில் இருப்பதை அப்படியே எழுதி வைத்துவிட்டு எழுந்து போகலாம், அடுத்த வாரம் அதே நொடியிலிருந்து தொடங்குவோம். தங்கச்சி, நீ அவசரப்பட்டு எதையும் வீச வேண்டியதில்லை. மூன்று ஃபயர்பாலை மூன்று வாரத்துக்குக் காப்பாற்றி வைப்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும். சில சண்டையில் கையில் சின்னத் தீப்பொறி மந்திரம் மட்டும்தான் இருக்கும், அது வீரனின் வாளுக்குப் பாதிதான் தேறும். ஆனால் பதினொரு வாரமாக நீ முகத்தைச் சுளித்து யோசித்து நான் பார்த்ததில்லை, இப்போது பார்ப்பேன். “நாக்” சொன்னால் சத்தம் கேட்கும். யாருக்குக் கேட்டது என்பதை நான் சொல்வேன். பூசாரிக்கு, கட்டுப்போடுவதற்கு முன்னால், விரட்ட ஏதாவது வரும்.

வழி நடத்துவது யார், எந்தக் கதவில் முதலில் நுழைவது என்று முடிவு செய்வது யார் என்பதைச் சீட்டு எழுதிச் சொம்பில் போட்டு எடுக்கலாம். உத்திரமேரூர் விதிப்படி முந்தின மூன்று முறை இருந்தவர்களை விலக்கலாம் என்று முதலில் எழுதினேன். நாலு பேரில் மூன்று பேரை விலக்கினால் குலுக்குவதற்குச் சொம்பே தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது. போன வாரம் நடத்தியவரை மட்டும் விலக்குவோம்.

இந்தப் பதினொரு வாரக் கணக்கு என் தவறு என்பதால் கடைசியாக ஆடிய இடத்தில் ஒரே ஒரு திருத்தம் செய்கிறேன். போன ஞாயிறு ஐந்து நாற்பதுக்கு “கூடாரம் போட்டுத் தூங்கினீர்கள்” என்று சொன்னேன் அல்லவா, அதை அடித்துவிட்டேன். யாரும் தூங்கவில்லை. வீரனுக்கு உயிர்ப்புள்ளி 19. மந்திரவாதியிடம் ஒரே ஒரு ஃபயர்பால். பூசாரியின் கையில் பாதி எரிந்த தீவட்டி. மூன்றாவது கதவு பூட்டியிருக்கிறது, அதற்குப் பின்னால் யாரோ குறட்டை விடுகிற சத்தம் கேட்கிறது. கள்ளன் தம்பி, கம்பிகளை மறக்காமல் எடுத்து வா. இரண்டு மணிக்கு.

உங்கள்
மாடி வீட்டு அண்ணன்